எண்ணெய் வாங்கும் முன் உச்சியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில், பெண்களின் முடி உதிர்வுக்குச் சின்ன வெங்காயச் சாறும் ஊறவைத்த வெந்தயமும் பூசச் சொல்லி ஒரு குறிப்பு வந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு எண்ணெய் விளம்பரம். '21 நாளில் அடர்ந்த கூந்தல்' என்று எழுதி, மண்டை தெரிகிற தலை ஒன்றையும் கூந்தல் நிறைந்த தலை ஒன்றையும் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே பெண்ணாம். இரண்டு தலைக்கும் காது வேறு வேறு. நான் களுவாஞ்சிக்குடியில் பெண்களுக்கு அழகுநிலையம் நடத்துகிறேன். காதும் கழுத்தும் நெற்றியும் பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போன தொழில் என்பதால் எனக்குப் பிடிபட்டுவிட்டது. காசு கட்டி அந்தப் போத்தலை வாங்கப்போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதிரையில் வந்து இருக்கிற பெண்கள், முடி வெட்டச் சொல்லும் முன்னமே கேட்பது இதைத்தான்: "அக்கா, கொட்டுது கொட்டுது என்று கொட்டுதே, என்ன எண்ணெய் வைக்கலாம்?" மண்டூர்ப் பக்கத்திலிருந்து வாவி கடந்து வருகிறவர்களும் கேட்பார்கள், கல்முனையிலிருந்து வரும் ஆசிரியைமாரும் கேட்பார்கள், மகளின் கல்யாண அலங்காரம் பேச காத்தான்குடியிலிருந்து வரும் உம்மாமாரும் கேட்பார்கள். நான் எண்ணெயின் பெயர் சொல்வதில்லை. எப்போது தொடங்கியது, தலையில் எந்த இடத்தில் குறைகிறது, அதற்கு முந்தி உடம்புக்கு என்ன வந்தது என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் சந்தோசமாக எழும்பிப் போய்விடுவார்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மயிர் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சம் ஓய்வில் இருக்கும். ஓய்வு இரண்டு மூன்று மாதம். அதற்குப் பிறகு அந்த மயிர் விழும், அதே குழியில் புதிது முளைக்கும். ஆகவே நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது நோயல்ல. வாரத்தில் ஒரு நாள் மட்டும் முழுகுகிறவர்களுக்கு அந்த வாரம் முழுக்க உதிர வேண்டியது ஒன்றாகக் கையில் வரும். பயந்துபோய் முழுகுவதையே நிறுத்திவிடுகிறார்கள். முழுகுவதால் நல்ல மயிர் விழுவதில்லை. விழவேண்டியதுதான் விழுகிறது.

கடுமையான காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, பட்டினி கிடந்து உடம்பை மெலியவைத்தல், வீட்டில் ஒரு சாவு, இப்படி ஏதாவது வந்து உடம்பை உலுக்கினால் வளர்ந்துகொண்டிருந்த மயிர்களில் பெரிய பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். கொட்டுவது உடனே அல்ல. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஆள் சுகமாகி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு கொட்டும். அதனால் யாருக்கும் அந்தக் காய்ச்சல் ஞாபகம் வருவதில்லை. புதிதாக மாற்றிய ஷாம்பூவிலும் கிணற்றுத் தண்ணீரிலும்தான் பழி விழும். 2006 இல் சிக்குன்குனியா கிழக்கெங்கும் ஆட்டிவைத்தது பலருக்கு நினைவிருக்கும். மூட்டுவலி ஒரு பக்கம், மாதங்கள் கழித்துக் கொத்தாகக் கொட்டிய முடி மறுபக்கம். இப்போது மாரி மழை முடிந்து டெங்கு பரவினால், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் என் கடையின் கூட்டும் குப்பையே அதைச் சொல்லிவிடும்.

பிள்ளைப் பெற்றவர்கள் கதையும் இதுதான். 'பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்' என்று எங்கள் கிழவிகள் சொல்வார்கள். காரணம் பிழை, கணக்குச் சரி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஓமோன் மயிரைப் பிடித்துவைத்திருக்கும். பெற்ற பிறகு அந்தப் பிடி தளர்ந்து, பிடித்துவைத்ததெல்லாம் சேர்ந்து விழும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். கர்ப்பத்தடை மாத்திரையை நிறுத்தின பிறகும் சிலருக்கு இப்படிக் கொட்டும்.

எண்ணெய்க்காரர்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். இந்த மாதிரி உதிர்வு, காரணம் நீங்கிவிட்டால், ஆறு மாதமளவில் தானாக அடங்கும். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது பயந்து ஒரு போத்தல் வாங்குவார்கள். மூன்றாவது போத்தல் முடியும்போது நெற்றியோரம் குட்டி முடி முளைத்திருக்கும். "மறுகா அந்த எண்ணெய் நல்லாத்தான் வேலை செய்யுது கா" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். தண்ணீரைப் பூசியிருந்தாலும் அது முளைத்திருக்கும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்திருப்பது வேறு வகையாக இருக்கலாம் அல்லவா?

அந்த வேறு வகையைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அது கொத்தாகக் கொட்டாது. சீப்பில் பெரிதாக ஒன்றும் வராது. நடு உச்சி பிரித்தால் அந்தக் கோடு வருடத்துக்கு வருடம் அகன்று போகும், உச்சந்தலையில் மண்டை தெரியும், ஆனால் நெற்றிக் கரை அப்படியே இருக்கும். ஆண்களைப் போல் நெற்றி ஏறுவதில்லை. மயிர்க்குழி சுருங்கிச் சுருங்கி, ஒவ்வொரு முறையும் முந்தியதை விட மெல்லிய, கட்டையான மயிரை முளைக்கவைப்பதால் வருவது. பரம்பரை பெரிய காரணம். தாய் வழியாலும் வரும், தகப்பன் வழியாலும் வரும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் கூடும். இருபது வயதிலும் தொடங்கலாம்.

எனக்கு வந்தது இதுதான். நாற்பதைத் தாண்டியபோது, கடைக் கண்ணாடிக்கு மேல் இருக்கிற லைற் வெளிச்சத்தில் என் உச்சி பளிச்சென்று தெரிந்தது. என் அம்மாவும் கடைசிக் காலத்தில் கன்ன உச்சி பிரித்துத்தான் மறைத்தார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே டொக்டர் முதலில் என் தலையைப் பார்க்கவில்லை, என் மாதவிடாயைப் பற்றித்தான் கேட்டார். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது, நாடியில் தடித்த மயிர் முளைப்பது, முகப்பரு அடங்காமல் இருப்பது, இவற்றோடு உச்சியும் அகன்றால் பிசிஓஎஸ் என்ற ஓமோன் கோளாறாக இருக்கலாம். அதற்கு வேறு பரிசோதனை, வேறு மருந்து. பிறகு இரத்தம் எடுத்தார்கள்: ஹீமோகுளோபின், தைரொயிட், பெரிட்டின்.

இந்த பெரிட்டின் என்ற சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பதை அது காட்டும். ஹீமோகுளோபின் நல்லாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. மாதாமாதம் கூடுதலாக இரத்தம் போகிறவர்கள், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்கள், எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்கிறவர்கள், அதாவது எங்கள் பெண்களில் பெரும்பாலானவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் மிட்வைஃப் தருகிற இரும்பு மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு எண்ணெய்க்குப் பணம் அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கமும் நமக்கு இருக்கிறது. தேயிலை, உணவிலுள்ள இரும்பை உடம்பு முழுதாக எடுக்கவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். முருங்கை இலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து தின்றால் இன்னும் நல்லது. மீன் சொல்லவே வேண்டாம், வாவியும் கடலும் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் குறைவு என்று சோதனையில் தெரியாமல் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக்கூடாது. இரும்பு கூடினாலும் கேடு.

பயோட்டின் என்ற விற்றமின் மாத்திரையும் இப்போது பெரிய யாவாரம். பயோட்டின் குறைபாடு மிகவும் அரிது. குறைவில்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, கூடுதல் அளவில் விழுங்கினால் தைரொயிட் போன்ற சில இரத்தச் சோதனைகளின் விடையையே அது குழப்பிவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 இல் இதை எச்சரித்திருக்கிறது. இரத்தம் கொடுக்கப் போகும்போது என்னென்ன விற்றமின் போடுகிறீர்கள் என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, மருந்து. உச்சி அகலும் வகைக்கு உலகம் முழுவதும் முதலில் கொடுப்பது மினொக்சிடில் என்ற பூச்சு மருந்து. இது தொடக்கத்தில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. விழுங்கிய நோயாளிகளுக்கு உடம்பெல்லாம் மயிர் முளைத்ததைக் கண்டுதான் தலைக்குப் பூசிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1988 இல் ஆண்களுக்கும் 1991 இல் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பெண்களுக்கு 2 வீதக் கரைசல். 5 வீத நுரைக்கு 2014 இல் அனுமதி வந்தது. எங்கள் ஊர்ப் பார்மசிகளிலும் மினொக்சிடில் கிடைக்கிறது. ஆனால் பார்மசிப் பையனிடம் கேட்டு வாங்குகிற சாமான் அல்ல. எந்த அளவு, எத்தனை முறை என்று டொக்டர் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் பூசக்கூடாது.

பூசுகிறவர்கள் எங்கே தவறவிடுகிறார்கள் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து மயிரில் படவேண்டியதில்லை, மண்டைத் தோலில் படவேண்டும். உச்சியைப் பிரித்துப் பிரித்து விட வேண்டும். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் வைத்த தலையில் பூசிப் பயனில்லை. பூசிய கையைக் கழுவ வேண்டும், காயும் முன் தலையணையில் சாயக்கூடாது. இல்லாவிட்டால் முகத்தில் மயிர் முளைக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் மிகக் கவனம், அதற்கு இந்த மருந்து நஞ்சு, நக்கினால் செத்தும் போகலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், தொடங்கி முதல் சில வாரங்களில் முந்தியதைவிடக் கூடக் கொட்டலாம். ஓய்வில் இருந்த மயிரைப் புதியது தள்ளிவிடுவதால் வருவது அது. அந்த நேரத்தில்தான் பாதிப்பேர் போத்தலைத் தூக்கி எறிகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பலன் தந்தால் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் பெற்றதெல்லாம் சில மாதத்தில் போய்விடும்.

எனக்கு இருபது வயதுப் பின்னல் திரும்பி வரவில்லை. உச்சி அகல்வது நின்றிருக்கிறது, முன்பக்கம் கொஞ்சம் அடர்ந்திருக்கிறது. டொக்டர் முதல் நாளே இவ்வளவுதான் எதிர்பார்க்கச் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. 21 நாள் கணக்கு யாரும் அங்கே சொல்லவில்லை.

சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதுவும் ஆண் ஓமோனைத் தடுக்கிற மற்ற மாத்திரைகளும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தானவை, டொக்டர் கண்காணிப்பில்லாமல் தொடக்கூடாது. கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுத்துத் தலையில் ஊசி போடுவது, மயிர் நடுவது எல்லாம் செய்கிறார்கள். முதலாவது சிலருக்குப் பலன் தருகிறது, எல்லோருக்கும் அல்ல, செலவும் கையைக் கடிக்கும். நகை அடகு வைத்துப் போக வேண்டாம் என்று மட்டும் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

வேறொன்று என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு உச்சந்தலையில் எரிவும் கடியும். ஒரு வருடமாக ஆளுக்கு ஆள் சொன்ன எண்ணெயெல்லாம் காய்ச்சிப் பூசியிருந்தார். என்னிடம் வந்தபோது அந்த இடம் வழுவழுப்பாக மினுங்கியது, மயிர்க்குழியின் துவாரமே இல்லை. ஓரத்தில் சிவப்பும் செதிலும். இது தழும்பாகிப் போகிற வகை. அழற்சி மயிர்க்குழியையே அழித்துவிடும், அழிந்த இடத்தில் எந்த மருந்துக்கும் முளைக்காது. ஆரம்பத்தில் தோல் டொக்டரிடம் போயிருந்தால் பரவுவதை நிறுத்தியிருக்கலாம். போன இடம் போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற இப்போது மருந்து எடுக்கிறார். எரிவு, நோவு, செதில், சீழ், மினுங்கும் திட்டு, இதில் ஒன்று இருந்தாலும் நாளைக் கடத்த வேண்டாம். பிள்ளைகளின் தலையில் செதிலோடு திட்டுத் திட்டாக மயிர் முறிந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். அதற்கு வாயால் விழுங்கும் மருந்து வேண்டும், பூச்சு போதாது. புழுவெட்டு என்று நாம் சொல்கிற வட்டத் திட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்குழியையே தாக்குவதால் வருவது. பலருக்கு அது தானாகவே முளைக்கும், முளைக்காவிட்டால் ஊசியும் பூச்சும் இருக்கின்றன. பூண்டும் வெங்காயமும் தேய்த்துத் தோலைப் பொங்கவைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் தொழிலையும் சும்மா விடக்கூடாது. இறுக்கி வலித்துக் கட்டினால் நெற்றிக் கரையிலும் காதுக்கு மேலும் முடி போகும், பல வருடம் அப்படியே கட்டினால் திரும்பி வராது. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னலை வலித்துப் பின்னி விடுகிற தாய்மாரும், நடன அரங்கேற்றத்துக்குப் பாரமான சவுரியை மணிக்கணக்கில் தொங்கவிடுகிற எங்களைப் போன்றவர்களும் கொஞ்சம் இளக்கிக் கட்டலாம். பின்னல் ஒழுங்கைப் பார்க்கிற அதிபர்மார் இளகிய பின்னலையும் ஒழுங்கென்று ஏற்றுக்கொள்ளட்டும். பர்தா போடுவதால் முடி கொட்டுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கவலைப்படும் பிள்ளைகளுக்கு: துணி ஒன்றும் செய்யாது, உள்ளே ஈரத் தலையை இறுக்கி முடிந்தால்தான் முறியும். அடர்த்தி குறைந்த தலைக்கு ஸ்ரெயிட்னிங் செய்யச் சொன்னால் நான் செய்வதில்லை. அதற்காக வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பலதும் உவர்ந்துபோயின. சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்து திரும்புகிற பெண்களும் தண்ணீரைத்தான் சொல்வார்கள். உவர்த் தண்ணீர் மயிரைச் சொரசொரப்பாக்கி முறியவைக்கலாம், வேரை ஒன்றும் செய்யாது. விழுந்த மயிரை எடுத்துப் பாருங்கள்: ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு விழுந்தது, இல்லாவிட்டால் இடையில் முறிந்தது. அங்கே நித்திரை இல்லாமல், நேரத்துக்குச் சாப்பாடு இல்லாமல் இருந்து வந்தவர்களிடம் நான் முதலில் இரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்றுதான் கேட்பேன். தேங்காயெண்ணெய் வைக்கலாம், தாராளமாக. மயிர் முறியாமல் காக்கும், தலைக்குச் சுகம். கரிசலாங்கண்ணி காய்ச்சினாலும் குற்றமில்லை. அதை மருந்து என்று நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பதுதான் வினை.

ஆண் ஒருவருக்கு வழுக்கை விழுந்தால் பகிடி பண்ணிவிட்டு மறந்துவிடுகிறோம். பெண்ணுக்கென்றால் கதை வேறு. பொம்பிளை பார்க்க வருகிறவர்கள் பின்னலைத் தூக்கிப் பார்க்காத குறைதான். அதனால் கிளினிக் வரிசையில் தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்று பயந்து, டிக்டொக்கில் கண்ட நம்பருக்கு இரகசியமாகச் சொல்லி, பெயரில்லாத போத்தலைப் பார்சலில் எடுப்பிக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது, எப்போது காலாவதி, ஒன்றும் ஒட்டியிருக்காது. மருந்து என்று சொல்லி விற்பதைக் கட்டுப்படுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை இருக்கிறது. அந்தச் சபையில் பதிவுண்டா என்று விளம்பரம் கொண்டுவருகிறவரிடம் பத்திரிகைக்காரர் நீங்கள் கேட்கலாம் அல்லவா? விளம்பரப் பணம் பத்திரிகைக்கு வேண்டும், எனக்கு விளங்குகிறது. நானும் கடை நடத்துகிறவள்தான். ஆனால் காது மாறிய படத்தையாவது திருப்பி அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் மகளிர் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது அரச வைத்தியசாலைத் தோல் வைத்திய நிபுணர் ஒருவரைக்கொண்டு வாசகிகளின் கேள்விக்குப் பதில் எழுதுவியுங்கள், பெயர் போடாமல் கேள்வி அனுப்ப இடம் கொடுங்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள், துண்டு வேண்டுமா என்ற விபரத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
அழகுநிலையம் நடத்தும் வாசகி,
களுவாஞ்சிக்குடி.